தொண்ணூத்தெட்டும் ரெண்டு முட்டையும்

வெள்ளந்திபாளையத்துக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை பஸ் வருது. ஊர்க்காரங்க ஒருத்தர்கூட அதுல ஏறினது கிடையாது. ஏன்னு கேட்டா நம்மளப் பார்த்துச் சிரிக்கறாங்க. "பஸ்ஸு நெத்தியில என்னன்னு எழுதியிருக்குது? வெள்ளந்திபாளையம். நாமதான் ஏற்கெனவே இங்க இருக்கறமே. அப்புறம் எதுக்குங்க இங்க வர்ற பஸ்ல ஏறோணும்?" பதினோரு வருசமா அந்த டிரைவர் காலி பஸ்ஸத்தான் திருப்பிக்கிட்டுப் போறாரு. பாவம், அவரும் பழகிட்டாரு.

அந்த ஊர்ல தறி ஓட்டறவன் அர்த்தனாரி. அவனுக்கு ஒரே பொண்ணு. பேரு யாழினி, அஞ்சு வயசு. பள்ளிக்கூடம் தொறந்து ஒம்போது நாளாச்சு. அவ வயசுப் புள்ளைங்க எல்லாம் பையைத் தூக்கிட்டுப் போயாச்சு. இவ மட்டும் வாசல்ல உக்காந்து கோழிக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தா. உள்ளூர்ல இருக்கற பஞ்சாயத்துப் பள்ளிக்கூடமா, மேட்டுக்கடையில இருக்கற ஞானச்சுடர் நர்சரி பிரைமரியான்னு அர்த்தனாரிக்கு இன்னும் முடிவாகல. ஒம்போது நாள்! இந்த ஒம்போது நாள்ல ரெண்டுல ஒண்ணையாவது எட்டிப் பார்த்தானா? அது எப்படிப் பார்ப்பான்? வெள்ளந்திபாளையத்துக்காரனாச்சே.

பத்தாவது நாள் காலையில அவன் பொண்டாட்டி மயிலாத்தா பனியன் கம்பெனி வேலைக்குக் கெளம்பறப்ப வாசல்ல நின்னு சொன்னா.

"ஏனுங்க மாமா, இன்னிக்குச் சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள புள்ளயச் சேத்தியிருக்கோணும். பத்துப் பேரக் கேளுங்க. எதுல திருப்தின்னு சொல்றாங்களோ அதுல சேத்துங்க. இல்லையா, புள்ளயத் தூக்கிட்டு எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன். அவ அங்கயே படிக்கட்டும், நீங்க இங்கயே தறிய ஓட்டிட்டுக் கெடங்க."

யாழினி இல்லாத வீட்ட அர்த்தனாரியால நெனச்சுப் பாக்க முடியல. அதுக்கும் மேல ஒரு பயம் அவன் நெஞ்சுல ரொம்ப நாளா இருந்துச்சு. அவன் ரெண்டாங்கிளாஸோட நின்னவன். கையெழுத்துப் போடறப்ப 'அர்த்த' வரைக்கும் வரும், அதுக்கப்புறம் கை தடுமாறும். புள்ள தன்னை மாதிரி பாதியில நிக்கக்கூடாது. அது ஒண்ணுதான் அவனுக்கு வேணும்.

ஒடனே நாச்சிமுத்துவத் தேடிப் போனான். ஊர்லயே படிச்ச மனுசன் நாச்சிமுத்துதான், அஞ்சாங்கிளாஸ் பாஸ். கூடவே சடையப்பன் உக்காந்திருந்தான். நாச்சிமுத்து எதைச் சொன்னாலும் ஆமான்னு சொல்றதுக்குன்னே பொறந்தவன் சடையப்பன். ரெண்டு பேரோட புள்ளைங்களும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க.

"அண்ணா, உங்க பையன் படிக்கற பள்ளிக்கூடம் உங்களுக்குத் திருப்திங்களா?"

நாச்சிமுத்து சட்டைப்பையில இருந்து ஒரு தாளை எடுத்து விரிச்சாரு. "தம்பி, இதையேதான் பள்ளிக்கூடத்துலயும் கேட்டு அனுப்பியிருக்காங்க. நேத்துத்தான் பையன் பையில இருந்துச்சு. இன்னும் நெரப்பல. நெரப்பினாத்தான நான் திருப்தியா இருக்கறனா இல்லையான்னு எனக்கே தெரியும்?"

"ஆமா, நெரப்பாம எப்படித் தெரியும்?"ன்னான் சடையப்பன்.

சரி, நெரப்பிப் பாத்துரலாம்னு மூணு பேரும் வேப்பமரத்தடியில உக்காந்தாங்க. நாச்சிமுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சாரு. "பெற்றோர் மட்டுமே நிரப்பவும்."

"பெற்றோர்னா பெத்தவங்கதானுங்களே அண்ணா?" அப்படின்னான் சடையப்பன். "நாம எங்க பெத்தோம்? எங்கூட்டுக்காரி வலியில கத்தினப்ப நான் ஆஸ்பத்திரி வாசல்ல பன்னு தின்னுட்டிருந்தேன்."

"நான் அந்த பன்னுகூடத் திங்கல,"ன்னான் அர்த்தனாரி. "அப்ப எனக்கு உரிமையே இல்லீங்களா?"

நாச்சிமுத்து கண்ண மூடி யோசிச்சாரு. அஞ்சாங்கிளாஸ் படிப்பு சும்மா போகுமா? "டேய், பெற்றோர்னா பெற்றுக்கொண்டவர். இந்தத் தாளப் பெற்றுக்கொண்டது யாரு? நானு. அப்ப நானே பெற்றோர். முடிஞ்சு போச்சு."

"எம்புட்டு அறிவு!"ன்னு சடையப்பன் துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டான்.

அடுத்த வரி. "பொருத்தமான கட்டத்தில் டிக் அடிக்கவும்." அதுக்குக் கீழ மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தி இல்லைன்னு மூணு. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் சின்னதா ஒரு சதுரம்.

"கட்டமா?" நாச்சிமுத்து நெத்தியச் சுருக்கினாரு. "கட்டம்னு ஒரு வார்த்தையா? இதுல ஒரு 'ட' விட்டுப்போச்சுடா. கட்டடம்! அச்சடிக்கறவனுங்க படிச்சிருந்தாத்தான?"

"அதானே. அடிக்கவும்னு வேற போட்டிருக்குது. கட்டடத்துக்குத்தான் அடிப்பாங்க. தாளுக்கு எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா?"ன்னான் அர்த்தனாரி. தானும் ஒண்ணு கண்டுபிடிச்சுட்டோம்னு அவனுக்கு ஒரே பெருமை.

சடையப்பன் வீட்டுல மாட்டுக் கொம்புக்கு அடிச்ச நீலப் பெயிண்ட் அரை டப்பா மிச்சம் கெடந்துச்சு. எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. அங்க மூணு கட்டடம் இருக்கு. ஒண்ணு வகுப்பு நடக்கறது, ஒண்ணு சத்துணவுக்கூடம், மூணாவது மூலையில இருக்கற கக்கூஸ். தாள்லயும் மூணு, இங்கயும் மூணு. கணக்கு இம்மி பிசகல.

"மிகவும் திருப்தி எந்தக் கட்டடம்?" இப்ப இதுதான் கேள்வி.

"சாப்பாட்டுக் கட்டடந்தான்,"ன்னான் சடையப்பன். "சாப்பிட்டு எந்திரிச்சவனத்தான திருப்தியான்னு கேப்பாங்க?"

"கேப்பாங்க. அவனும் திருப்திம்பான்,"ன்னாரு நாச்சிமுத்து. "ஆனா அது வாய் சொல்றது. எத்தனை கல்யாணத்துல வாய் திருப்தின்னு சொல்லிட்டு வெளிய வந்து சாம்பாரத் திட்டியிருக்குது? அந்த மூலைக் கட்டடத்தப் பாரு. அவசரமா உள்ள போறவன் மூஞ்சியும் வெளிய வர்றவன் மூஞ்சியும் ஒண்ணா? அதுதாண்டா நெசமான திருப்தி. அதுல பொய்யே சொல்ல முடியாது."

இதுக்கு மேல யாரு என்ன பேசறது? மூணு பேரும் சேந்து கக்கூஸ் சுவத்துல ஆள் ஒசரத்துக்கு நீலக் கலர்ல ஒரு டிக் அடிச்சாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தாங்க. வளைவு நல்லா வந்திருந்துச்சு.

சத்துணவு சமைக்கற அம்மா அதப் பாத்துட்டுக் கரண்டியோட ஓடிப்போய்ச் சொல்ல, அமலோற்பவம் டீச்சர் வெளிய வந்தாங்க. அவங்கதான் தலைமையாசிரியர். நாலாங்கிளாஸும் அவங்கதான் எடுக்கறாங்க. சொவத்தப் பாத்தாங்க, டப்பாவப் பாத்தாங்க, நாச்சிமுத்து கையில இருந்த தாளப் பாத்தாங்க.

"யோவ், தாள்ல இருக்கற கட்டத்துல போடச் சொன்னா சொவத்துல போட்டு வெச்சிருக்கீங்களேய்யா!"

நாச்சிமுத்து தாள்ல இருந்த சதுரத்த உத்துப் பாத்தாரு. "டீச்சருங்க, இத்தனூண்டு எடத்துல எவ்வளவு திருப்திங்க புடிக்கும்?"

நெசமாச் சொன்னா, நல்ல கேள்விதான்.

அர்த்தனாரி கையக் கட்டிக்கிட்டு முன்னாடி வந்தான். "டீச்சருங்க, எம் புள்ளயச் சேத்தோணும். இந்தப் பள்ளிக்கூடம் நல்லதா இல்லீங்களா? அதத் தெரிஞ்சுக்கத்தானுங்க வந்தோம்."

"அதுக்கு ஏன்யா தாளு? உள்ள வந்து பத்து நிமிசம் உக்காந்து பாருங்க. தெரிஞ்சிரும்."

அர்த்தனாரி ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான். போர்டுல ஒரு கணக்குப் போட்டிருந்துச்சு. டீச்சர் உள்ள போனதும் ரெட்டைச் சடை போட்ட ஒரு பொண்ணு எந்திரிச்சு, "டீச்சர், நீங்க ஏழு போட்டுட்டீங்க. எட்டு வரணும்,"னுச்சு. டீச்சர் திரும்பிப் பாத்துட்டு, "அட ஆமா! வா, நீயே திருத்து,"ன்னு சாக்பீஸ நீட்டினாங்க. அந்தப் பொண்ணு நிமிந்து நடந்து போய் எட்டு போட்டுச்சு. கிளாஸே கை தட்டுச்சு.

அர்த்தனாரி படிச்ச காலத்துல வாத்தியார் தப்பாப் போட்டா, அந்தத் தப்ப நோட்டுல சரியா எழுதலைன்னுதான் அடி விழும். "அண்ணா, இங்கயே சேத்திரலாமாட்ட இருக்குதுங்களே,"ன்னான்.

நாச்சிமுத்து அவன் தோளப் புடிச்சு இழுத்தாரு. "கூமுட்டை! உன் கண்ணால பாத்தா அது உன் பார்வை. உன் ஊட்டுக்காரி என்ன சொன்னா? பாக்கச் சொன்னாளா, கேக்கச் சொன்னாளா?"

"கேக்கத்தானுங்க சொன்னா."

"எத்தனை பேர?"

"பத்துப் பேர."

"அப்புறம் என்ன பார்வை வேண்டிக்கெடக்குது? வாடா."

கெளம்பினாங்க. வெளிய பஸ் நின்னுச்சு. நெத்திய ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு, வெயில்ல அஞ்சு கிலோமீட்டர் நடந்தாங்க.

ஞானச்சுடர் பள்ளிக்கூடத்து வாசல்ல ரெண்டு ஆள் ஒசரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதுல கோட்டு போட்ட ஒரு கொழந்தை சிரிக்குது. பக்கத்துல பெருசா '98% பெற்றோர் முழுத் திருப்தி!'

நாச்சிமுத்து விரல் வெச்சுப் படிச்சாரு. "தொண்ணூத்தெட்டு. அதுக்கப்புறம் ரெண்டு முட்டை, நடுவுல ஒரு குச்சி."

"அதென்னங்கண்ணா ரெண்டு முட்டை?"

"பரீட்சை ரிசல்ட்டுடா. பெத்தவங்களுக்குப் பரீட்சை வெச்சிருக்காங்க. தொண்ணூத்தெட்டுப் பேரு பாஸு. ரெண்டு பேரு முட்டை வாங்கிட்டாங்க. குச்சி எதுக்குன்னா, அந்த ரெண்டு பேர அடிச்சிருக்காங்க."

அர்த்தனாரிக்கு அந்த ரெண்டு முட்டை மேலதான் கண்ணு. தொண்ணூத்தெட்டுப் பேரு நல்லாருக்குன்னு சொல்றப்ப ரெண்டு பேரு மட்டும் ஏன் இல்லைன்னாங்க? அவங்களுக்கு என்ன தெரிஞ்சுபோச்சு? வெள்ளந்திபாளையம் உண்டான நாள்ல இருந்து அந்த ஊர்க்காரன் ஒருத்தனுக்கு வந்த ஒரே நல்ல சந்தேகம் அதுதான்.

ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. அர்த்தனாரி நேராக் கேட்டான். "அம்மிணி, அந்த முட்டை வாங்கின ரெண்டு பேரு யாருங்க?"

"எந்த முட்டை சார்? ஓ, அதுவா? அது சர்வே சார். போன வருசம் எல்லாப் பேரன்ட்ஸுக்கும் ஃபோன்ல அனுப்பினோம். பதில் போடச் சொல்லி எல்லாருக்கும் மொதல்லயே ஒரு டிபன் பாக்ஸ் ஃப்ரீயாக் குடுத்தோம்."

"அப்ப அந்த ரெண்டு பேரு?"

"அவங்களுக்கு மூடி இல்லாத பாக்ஸ் போயிருச்சு சார்."

அர்த்தனாரிக்குப் பெரிய பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. மூடிதானா! "அம்மிணி, சித்த உள்ள போயி கிளாஸ் நடக்கறதப் பாக்கலாங்களா?"

"பேரன்ட்ஸுக்கு கேட் வரைக்கும்தான் சார் அனுமதி."

நாச்சிமுத்து அசந்துபோயிட்டாரு. "பாத்தியாடா? அந்த டீச்சரம்மா உள்ள வா, உக்காரு, பாருன்னு கெஞ்சுச்சு. இங்க உள்ள போகாமயே தொண்ணூத்தெட்டுப் பேருக்குத் திருப்தி. உள்ள போனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு!"

நெனச்சுப் பாக்கத்தான் வேணும். ஆனா யாரும் நெனச்சுப் பாக்கல.

மணி மூணே முக்கால். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வந்த பெத்தவங்க வாசல்ல கூட்டமாச் சேந்தாங்க. பத்துப் பேரக் கேட்டே ஆகணும். நாச்சிமுத்து கேக்கறது, சடையப்பன் விரல மடக்கறதுன்னு ஏற்பாடு. அர்த்தனாரி பக்கத்துல நின்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டிருந்தான்.

"ஏனுங்க, பள்ளிக்கூடம் திருப்திங்களா?"

"ரொம்பத் திருப்திங்க," அப்படின்னாரு மொத ஆளு. "வேனு டாண்ணு ஏழே முக்காலுக்கு வாசல்ல வந்து நிக்குமுங்க."

சடையப்பன் ஒரு விரல மடக்கினான்.

ரெண்டாவது ஒரு அம்மா. "திருப்திங்க. டை கட்டி ஷூ போட்டுப் போறப்ப பாக்கவே கலெக்டராட்ட இருக்கறான். அந்த வேன்ல ஏறி டாட்டா காட்டுவான் பாருங்க!"

"என்னங்க சொல்லித் தர்றாங்க?"ன்னு அர்த்தனாரி குறுக்க புகுந்து கேட்டான்.

"அதெல்லாம் நமக்கெங்கீங்க தெரியும்? ஆனா வேன்ல ஆயாம்மா இருக்குது, பத்திரமாக் கையப் புடிச்சு எறக்கி வுடும்."

மூணாவது ஆளுக்கு வேன்ல பாட்டுப் போடறது புடிச்சிருந்துச்சு. நாலாவது ஆளுக்கு மழை வந்தாலும் வேன் வர்றது. அஞ்சாவது ஆளு, "பக்கத்து ஊட்டுப் புள்ளையும் இதே வேன்லதாங்க போவுது,"ன்னாரு. ஆறாவது அம்மாவுக்கு வேனோட மஞ்சக் கலரு. பத்தும் முடிஞ்சப்ப சடையப்பன் ரெண்டு கையும் மடங்கி, குத்துச் சண்டைக்கு நிக்கறவன் மாதிரி நின்னான். மூக்கு அரிச்சுச்சு. சொறிஞ்சா கணக்குப் போயிருமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டான்.

நாச்சிமுத்து தொண்டையக் கனைச்சாரு. "இப்பப் பாருங்கடா. பத்துப் பேரும் திருப்தி. எதுல திருப்தி?"

"வேனுலைங்க."

"பள்ளிக்கூடத்துல திருப்தின்னு ஒருத்தனாச்சும் வாயத் தொறந்தானா?"

"இல்லீங்க."

"உன் ஊட்டுக்காரி என்ன சொன்னா?"

"எதுல திருப்தின்னு சொல்றாங்களோ அதுல சேத்தச் சொன்னா." சொல்றப்பவே அர்த்தனாரி மூஞ்சி வெளிச்சமாயிருச்சு. "அண்ணா! வேனுலயே சேத்திரலாங்களா?"

"பின்ன?"ன்னாரு நாச்சிமுத்து. "நடுவுல பள்ளிக்கூடம் ஒரு கேடா?"

மூணு பேரும் வேன்கிட்ட ஓடினாங்க. டிரைவர் ஸ்டியரிங்ல தலை வெச்சுக் கெடந்தாரு. அவர எழுப்பி, "ஒண்ணாங்கிளாஸுக்கு ஒரு எடம் வேணுங்க,"ன்னான் அர்த்தனாரி.

"எந்த ஊரு?"

"வெள்ளந்திபாளையமுங்க."

"ஏத்திக்கலாம். ஏழரைக்கு ரோட்டுல நிக்கச் சொல்லுங்க."

நாச்சிமுத்து லேசுல விடற ஆளா? அடுத்தவங்க புள்ளைன்னாலும் படிப்பு விசயமாச்சே. "தம்பி, எங்க புள்ளயச் சேத்தறோம். நாலு வார்த்தை கேக்கோணும். பாடமெல்லாம் எப்படிப் போவுது?"

"பாட்டா? காலையில சாமி பாட்டு, சாயங்காலம் சினிமா பாட்டு."

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு,"ன்னு நாச்சிமுத்து தலைய ஆட்டினாரு. "ரிசல்ட்டெல்லாம்?"

"வண்டி எஃப்.சி.யா கேக்கறீங்க? வருசா வருசம் பாஸ்ணா. ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்ல."

அர்த்தனாரி கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவன் ரெண்டு தடவை ஃபெயில் ஆனவன். வேனோட முன்பக்கத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மயிலாத்தா வந்தா. வாசல்லயே மூணு பேரும் வரிசையா நின்னாங்க. சடையப்பன் இன்னும் விரல விரிக்கல.

"சேத்தியாச்சா?"

"சேத்தியாச்சு!"

"எதுல?"

"நாப்பது எழுவத்தொண்ணு,"ன்னான் அர்த்தனாரி. "மஞ்சக் கலரு. பதினெட்டு சீட்டு. பத்துப் பேரக் கேட்டேன் மயிலு, பத்துப் பேரும் திருப்தின்னது அதுலதான்."

மயிலாத்தா சோத்து டப்பாப் பையக் கீழ வெச்சா. புருசன் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தா. நாச்சிமுத்து மெதுவா ரெண்டு அடி பின்னாடி போனாரு. சடையப்பன் நாலு அடி.

"வேனுலயா? புள்ளய வேனுலயா சேத்திட்டு வந்திருக்கீங்க?"

"ஆமா..."

"அந்த வேனு எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயி எல்லாப் புள்ளைகளையும் எறக்கி வுட்டுருமில்ல? அப்ப நம்ம புள்ள என்ன பண்ணும்?"

"மத்த புள்ளைக எறங்கிப் போறாங்கன்னா, அதுகளுக்குப் படிப்புல ஆசை இல்லைன்னு அர்த்தம்,"ன்னான் அர்த்தனாரி. "நம்ம யாழினி எறங்கவே மாட்டா. கடைசி வரைக்கும் உக்காந்து படிப்பா."

மயிலாத்தா நெத்தியில அடிச்சுக்கிட்டா. இப்பப் புள்ளயத் தூக்குவா, பைய எடுப்பா, அப்பன் ஊட்டுக்குப் போயிருவா. அர்த்தனாரி கண்ண இறுக்கி மூடிக்கிட்டான்.

"ஏனுங்க மாமா, உங்களுக்குத் துளியாச்சும் அறிவிருக்குதா? பெத்த புள்ள மேல அக்கறை இருக்குதா?" மயிலாத்தா போட்ட சத்தத்துல கோழியெல்லாம் செதறி ஓடுச்சு. "ஜன்னலோர சீட்டான்னு கேக்காமயா வந்தீங்க? நடு சீட்டுல உக்காந்தா புள்ளைக்கு என்ன தெரியும், எப்படிப் படிப்பு ஏறும்? இப்பவே போங்க! ஜன்னலோரமா மாத்திட்டு ஊட்டுக்கு வாங்க!"